கொட்டாவி மன்னனின் மடி

ககனவீரன் கையை ஓங்கிய நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குமாரபாளையத்துத் தறிகளெல்லாம் ஒரே மூச்சில் நின்று, டிவிப் பெட்டிகளெல்லாம் ஒரே மூச்சில் கறுத்து, நீலக் காற்சட்டைக்கு மேலே மஞ்சள் ஜட்டியைப் போட்டுக்கொண்டு வாராவாரம் வானத்தில் பறந்து வந்து நியாயம் செய்கிற ககனவீரனின் முஷ்டி, அந்த வாரத்து வில்லனான கொட்டாவி மன்னனின் மூக்குக்குச் சாண் தூரத்தில் நின்றது நின்றபடி, அடி விழுந்ததா இல்லையா என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. கரண்ட் திரும்பி வந்தபோது டிவியில் ஒரு அம்மாள் வெண்டைக்காய் வதக்கிக்கொண்டிருந்தாள். எல்லைமேட்டுத் தெருவில் துளசிமணி வீட்டு வாசலில் கொட்டாவி மன்னன் நின்றுகொண்டிருந்தான்.

அந்தத் தொடரில் வாரத்துக்கு ஒரு வில்லன் வருவான், வந்த வாரமே ஒழிவான். பசையை வீசி ஊரை ஒட்டவைக்கிறவன் வந்தான், ஒழிந்தான். நிழல்களைத் திருடி மூட்டை கட்டுகிறவன் வந்தான், ஒழிந்தான். கொட்டாவி விட்டு உலகத்தையே உறங்கவைத்து, உறங்குகிற உலகத்துக்கு ராஜாவாக முடிசூடப் பார்த்த இவனும் அந்தக் கணக்கில் ஒருவன்தான். எழுதியவர் இவனுக்கு ஒரு கிரீடமும் ஒரு சிரிப்பும் கொடுத்திருந்தாரே தவிர, ஒரு தாயையோ, ஒரு ஊரையோ, சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு ஆளையோ கொடுக்கவில்லை, அரைமணி நேரத்தில் போகப்போகிறவனுக்கு அதெல்லாம் எதற்கு என்று நினைத்திருப்பார்.

தெரு கூடிவிட்டது. கூடியவர்கள் தறிக்காரர்கள், அதனால் அவன் முகத்தைப் பார்க்கும் முன்னால் அவன் முதுகில் தொங்கிய அங்கியின் ஓரத்தை எடுத்து விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார்கள். "ஊடை தளர்ச்சியா இருக்குது. அவசரத்துல ஓட்டுன தறி" என்றாள் எதிர்வீட்டுச் சரசா. அவன் தலையில் வெள்ளித்தாள் கிரீடம் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. கழுத்திலிருந்து முழங்கால் வரை ஒரே அட்டையில் செய்த கவசம் விறைத்துக்கொண்டு நின்றது. அவன் இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்தி, "உறங்குங்கள், மானிடப் பூச்சிகளே! இனி இந்த உலகம் என் கொட்டாவிக்குள் அடக்கம்! ஹா ஹா ஹா!" என்றான்.

"வெயில்ல நிக்கறீங்களே, உள்ள வாங்க. தண்ணி குடிக்கறீங்களா?" என்றாள் துளசிமணி.

அதற்கு என்ன பதில் சொல்வது என்று அவனுக்கு யாரும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. கைகளை இறக்கினான். இறக்கிய கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தவித்தான்.

யார் வாசலில் ஒருவர் வந்து நிற்கிறாரோ, அந்த வீட்டுக்கு அவர் ஒரம்பரை என்பது அந்தப் பக்கத்து வழக்கம். விருந்தாளி என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வதைத்தான் அவர்கள் ஒரம்பரை என்கிறார்கள், ஆனால் சொல்லும்போதே வாயில் ஒரு பெருமை வந்துவிடும். துளசிமணி வாசலுக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒரு ஒரம்பரை வந்ததில்லை. தறியில் பாவு நூல் பிணைக்கப் போன இடத்தில் மாதேசுவைப் பார்த்துப் பிரியப்பட்டு, வேறு ஆளுங்களாயிற்றே என்று எல்லோரும் சொல்லியும் கேட்காமல் கட்டிக்கொண்டவள் அவள். அப்பன் செத்த பிறகு அவளைத் தோளில் தூக்கி வளர்த்த அண்ணன் நாச்சிமுத்து, அன்றைக்குச் சாத்திய கதவை அப்புறம் திறக்கவில்லை. அடுத்த தெருவில்தான் இருந்தார். ரேஷன் கடையில் எதிரே வந்தால் அரிசிப்பையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொள்வார். மகள் சுகப்பிரியா பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போகிற வயதான பிறகும் அவர் எட்டிப் பார்க்கவில்லை, அதனால் அந்தப் பிள்ளையின் காதும் குத்தப்படாமலே இருந்தது. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி யாரையாவது உட்காரவைத்துக் காரியத்தை முடி என்று சொல்லாதவர் கிடையாது. "மடி இருக்கறவரு இருக்கறப்ப, இரவல் மடி எதுக்குங்க?" என்று சொல்லிச் சொல்லியே துளசிமணி வருஷங்களைத் தள்ளினாள். பிடிவாதத்தில் அண்ணனுக்குத் தப்பாமல் பிறந்தவள், வேறென்ன சொல்வது.

கொட்டாவி மன்னனுக்குத் தண்ணீர் கொடுத்து, அவன் குடிக்கத் தெரியாமல் கவசத்தின் மேலெல்லாம் ஊற்றிக்கொண்டு, பிறகு குடித்து, பிறகு இன்னொரு சொம்பு கேட்டு, எல்லாம் ஆன பிறகு அவனுக்கு முதல் கொட்டாவி வந்தது. அவ்வளவுதான். வாசலில் நின்ற கூட்டம் நின்றபடியே சாய்ந்தது, சரசா துளசிமணி தோளில் சாய்ந்தாள், துளசிமணி மாதேசு தோளில் சாய்ந்தாள், பட்டறைகளில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் நூல்கண்டுகளின் மேல் சாய்ந்தார்கள், ஆளில்லாத் தறிகள் டக்கடி டக்கடி என்று ஓடி ஓடி நூலை அறுத்துக்கொண்டு தாமாக நின்றன. பகலும் ராத்திரியும் தறிச்சத்தம் ஓயாத அந்த ஊர், யாருக்கும் நினைவு தெரிந்து முதல் தடவையாக அமைதியாகக் கிடந்தது. காக்கைகள்கூடக் கரையாமல் கம்பிகளில் உட்கார்ந்து கண்ணை மூடின.

எழுந்தபோது பட்டறைக்காரர்கள் சண்டைக்குத்தான் வந்தார்கள், அறுந்த பாவுக்கு யார் பொறுப்பு என்று. ஆனால் வந்தவர்களின் முகமே அவர்களைக் காட்டிக் கொடுத்தது. ஷிப்டு மாற்றி ஷிப்டு நின்று கண்ணெல்லாம் நூல்தூசி படிந்து வெந்து போயிருந்தவர்கள், குளித்துவிட்ட பிள்ளைகள் மாதிரி வந்து நின்றார்கள். பேச வந்ததை மறந்து, "ஏனுங்க, அந்த மாதிரி இன்னொருக்கா எப்ப உடுவீங்க?" என்று ஒருவர் கேட்டார். மற்றவர்கள் அவரை முறைத்துவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

ஊர் என்றால் எதற்கும் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளும். ஷிப்டு மாறுகிற நேரத்தில் தறிகளை நிறுத்தி வைத்துவிட்டு, கொட்டாவி மன்னன் மாரியம்மன் கோயில் மைதானத்தில் நின்று ஒரு கொட்டாவி விடுவது என்று முடிவாயிற்று. மற்ற நேரங்களில் வாய்க்குக் கை கொடுத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்துப் பக்கம் பரீட்சைக் காலத்தில் போகக்கூடாது. வயிற்றுவலிக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்மார்களுக்குச் சின்னக் கொட்டாவி, பெண்சாதி செத்ததிலிருந்து கண் மூடாத தலைமையாசிரியருக்குச் சற்றே பெரியது, சாக்கடைத் தகராறில் அரிவாள் எடுத்தவர்களுக்கு அரிவாள் கையிலிருந்து விழுகிற அளவுக்கு ஒன்று. டீக்கடைக் கிட்டான் மட்டும் என் பிழைப்பில் மண் விழுந்தது என்று மூக்கைச் சிந்தினான். தூங்கி எழுந்தவர்களெல்லாம் முதலில் கிட்டான் கடையில் டீ குடித்துவிட்டுத்தான் தறிக்குப் போகவேண்டும் என்று அதற்கும் ஒரு ஏற்பாடு ஆனது. அப்புறம் கிட்டானே தெருமுனையில் நின்று கொட்டாவியாரைக் கும்பிட ஆரம்பித்துவிட்டான்.

உலகத்தை உறங்கவைக்கத்தான் அவனை எழுதினார்கள். உறங்கியவர்கள் எழுந்து வந்து கையெடுத்துக் கும்பிடுவார்கள் என்று அவனுக்குச் சொல்லவில்லை. முதலில் குழம்பினான், பிறகு கூச்சப்பட்டான், பிறகு அவன் பேச்சே மாறிப்போனது. "ஹா ஹா ஹா! குழம்பில் உப்புக் குறைவுங்க!" என்பான் சாப்பாட்டில் உட்கார்ந்து. உட்கார்ந்து என்று சொல்லிவிட்டேன், தப்பு, அவனால் உட்காரவே முடியாது. அந்த ஒற்றை அட்டைக் கவசம் இடுப்பில் மடங்காது. கதையில் அவன் நின்றான், சிரித்தான், அடிவாங்க நின்றான். உட்கார ஒரு காட்சி எழுதியிருந்தால் அல்லவா மடங்குகிற மாதிரி செய்திருப்பார்கள். துளசிமணி வீட்டில் நின்றபடியே சாப்பிட்டான், சுவரில் சாய்ந்தபடியே பொழுதைக் கழித்தான்.

ஒருநாள் மத்தியானம் துளசிமணி சுகப்பிரியாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "இந்தச் சிறுமியின் செவிகளில் ஏன் துளை இல்லை?" என்று கேட்டான். துளசிமணி சொன்னாள். சொல்ல ஆரம்பித்ததுதான் தாமதம், அண்ணன் தோளில் உட்கார்ந்து காவேரியில் ஆடிப்பெருக்கு பார்த்தது வரைக்கும் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பின்னின ஜடையை மறுபடி அவிழ்த்துப் பின்னினாள். மாதேசு பேசாத மனிதர், தறி நாடாக்கட்டையை வெறுமனே உருட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டாவி மன்னன் சுவரிலிருந்து விலகி வந்தான்.

"மடி என்றால் என்னங்க?" என்றான்.

சிரிக்காமல் சுகப்பிரியாதான் பதில் சொன்னாள். "உக்காந்தா வரும். எந்திரிச்சா போயிரும்."

அன்றிலிருந்து அவன் உட்காரப் பழகினான். ஒரு மடி உண்டாக்கிக்கொள்ள ஒரு மனிதன் அவ்வளவு பாடுபட்டு அந்தத் தெரு பார்த்ததில்லை. சரசா வீட்டு உரல்மேல் சாய்ந்து பார்த்தான், அட்டை அவனை நிமிர்த்தித் தள்ளியது. பாவுக்குப் போடுகிற கஞ்சியில் இடுப்பை நனைத்தால் இளகும் என்று மாதேசு ரோசனை சொல்லி, தெருவே வாளி வாளியாகக் கஞ்சி கொண்டுவந்து ஊற்றியது. அட்டை இளகி, விரிசல் விட்டு, ஒரு சாயங்காலம் மளுக்கென்று மடங்கியது. கொட்டாவி மன்னன் தரையில் உட்கார்ந்தான். உட்கார்ந்த இடத்தில் தன் தொடைகளைக் குனிந்து பார்த்து, இரண்டு கையாலும் தடவிப் பார்த்தான். சுகப்பிரியா ஓடிவந்து அதில் ஏறி உட்கார்ந்துகொண்டாள், அதுபாட்டுக்கு என்றைக்கும் உட்கார்ந்து பழகினவள் மாதிரி.

"இவரு இரவல் இல்லீங்க" என்றாள் துளசிமணி, யாரும் கேட்காமலே. "இவருக்கு நம்மள உட்டா ஆளில்லே. எனக்கும் அப்படித்தான்." மாதேசு எழுந்து போய்க் காலண்டரைப் பார்த்து, ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்து மணிக்கு மேல் நல்ல நேரம் என்று சொன்னார். அந்த வீட்டில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

பந்தல் போட்டு, வாழைமரம் கட்டி, ஆசாரிக்குச் சொல்லி எல்லாம் ஆன பிறகு, முந்தின நாள் சனிக்கிழமை மத்தியானம் கேபிள்காரர் ஜபருல்லா சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு வந்தார். டிவியின் அடியில் எழுத்து ஓடுகிறதாம். கொட்டாவி மன்னன் வந்த அந்தப் பாகத்தை, ரசிகர்கள் கேட்டுக்கொண்டதால், நாளைக் காலை பத்து மணிக்கு மறுபடி போடுகிறார்களாம். தெருவுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கவில்லை. மற்ற ஊர்களில் அவன் என்றைக்கோ ஒழிந்துபோனவன். இந்த ஊரில்தான் முஷ்டி இன்னும் பாதிவழியில் நிற்கிறது. இந்த ஊர் கண்ணால் அந்த அடியைப் பார்த்துவிட்டால் அதோடு முடிந்தது.

"ஊரே பார்க்காதுங்க" என்றார் ஜபருல்லா. "நான் அந்தச் சேனலையே புடுங்கிப்போடறேன்." தெருத்தெருவாகச் சொல்லி அனுப்பினார்கள். ககனவீரன் என்றால் உயிரை விடுகிற பிள்ளைகள்கூடத் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். பிறகுதான் ஜபருல்லா குரலைத் தாழ்த்தி, "கேபிள்ல இல்லாத வீடு ஒண்ணே ஒண்ணு இருக்குதுங்க. மாடியில சொந்தமாக் குடை ஆன்டெனா வெச்சிருக்கறாரு" என்றார். யார் வீடு என்று அவர் சொல்லவில்லை. துளசிமணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு புறப்பட்டாள்.

எத்தனையோ வருஷமாகக் கண்ணெடுத்துப் பார்க்காத வாசல். நாச்சிமுத்து கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது. இவ்வளவு நரைக்கும் வரைக்குமா பேசாமல் இருந்தோம் என்று துளசிமணிக்கு நெஞ்சில் ஒரு குத்து குத்தியது.

"அண்ணா."

"ம்."

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு டிவியப் போட்றாதீங்ணா. ஒரு உசுருங்க அது."

நாச்சிமுத்து உருவிய காம்பை உருவிக்கொண்டே இருந்தார், இலை எப்போதோ தீர்ந்துவிட்டிருந்தது. "இத்தன வருசங்கழிச்சு இந்தப் படி மிதிக்கறே. இதக் கேக்கறதுக்குத்தான் வந்தியாம்மிணி?"

"ஆமாங்ணா."

"வேற ஒண்ணும் கேக்கறதுக்கில்லியா?"

"கேட்டா வருவீங்களா?"

அவருக்கு வருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை, வரமாட்டேன் என்று சொல்லவும் மனம் வரவில்லை, ஆம்பிளைகளுக்கு இப்படி ஒரு கஷ்டம். கடைசியில், "அவன் எப்படி இருப்பான்?" என்றார்.

"யாருங்ணா?"

"புள்ளைய மடில வெக்கறவன்."

"நல்லா இருப்பாருங்க" என்றாள் துளசிமணி. சுருக்கென்று தைக்கட்டும் என்றுதான் சொன்னாள், தைத்ததையும் பார்த்தாள், அதில் ஒரு நிமிஷம் சந்தோஷமும் பட்டாள். தெருத் திரும்பியதும் நின்று அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊர் டிவிகளெல்லாம் துணி போர்த்திக் கிடந்தன. தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டுமே, கொட்டாவி மன்னனுக்கு ஏது சீர், அதனால் தெருவே அவன் பேரில் தட்டுத்தட்டாகத் தூக்கிக்கொண்டு வந்தது. தலைமையாசிரியர் பாவாடை சட்டை, சரசா வளையல், கிட்டான் ஒரு டின் பிஸ்கெட்டு. முன்னால் கொட்டாவி மன்னன் கிரீடத்தைத் துணியால் துடைத்து மினுக்கி, வேட்டி கட்டி, வாய்க்குக் கை கொடுத்தபடி பணிவாக நடந்து வந்தான். பந்தலில் பாய் விரித்திருந்தது. அவன் மெதுவாக, பழகியபடி, இடுப்பை மடக்கி உட்கார்ந்தான். சுகப்பிரியா மடியில் ஏறினாள். ஆசாரி ஊசியைத் துடைத்து, குங்குமத்தால் காதில் புள்ளி வைத்து, வலது காதைக் குத்தினார். அவள் வீறிட்டாள். அவன் அவளை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லே சாமி, ஒண்ணுமில்லே" என்றான், வார்த்தைக்கு வார்த்தை அந்தத் தெருக்காரன் மாதிரி.

அப்போதுதான் துளசிமணி அதைப் பார்த்தாள். கிரீடத்தின் நுனியில் புள்ளிபுள்ளியாக, ஆன்டெனா திரும்பிக்கொண்ட டிவியில் வருமே அப்படி, வெள்ளைப்புள்ளிகள் மொய்த்தன. மொய்த்த இடம் இல்லாமல் போனது. பந்தலில் எல்லோரும் அடுத்த தெருப்பக்கம் திரும்பினார்கள். அந்தத் தெருவின் மாடியில் குடை ஆன்டெனா வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"தங்கச்சி" என்றான் கொட்டாவி மன்னன். அவன் தோள்கள் போய்க்கொண்டிருந்தன. "எந்திரின்னு சொல்றாங்க. எந்திரிச்சு நின்னுதான் அடி வாங்கணுமாம், எழுதுனதுல அப்படித்தான் இருக்குது. நான் எந்திரிக்க மாட்டேனுங்க. ஆசாரி, அந்தக் காதையும் குத்திருங்க."

துளசிமணி அவன் கையைப் பிடித்தாள். கை இருந்தது, பிறகு சூடு மட்டும் இருந்தது, பிறகு தன் கையைத் தானே பிடித்துக்கொண்டிருந்தாள். பாயில் யாருமில்லை. பாய்க்கு ஒரு முழம் மேலே, ஒரு மடி உயரத்தில், சுகப்பிரியா காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, முதுகை எதன்மேலோ சாய்த்துக்கொண்டு, காற்றில் உட்கார்ந்திருந்தாள்.

ஆசாரி தொழில்காரர், ஒற்றைக் காதோடு எழுந்து போய்ப் பழக்கமில்லை. குனிந்து இடது காதைக் குத்தினார். இந்தத் தடவை பிள்ளை அழவில்லை.

அதற்கப்புறம் யாருக்கும் அவளைத் தூக்கத் துணிச்சல் வரவில்லை. தூக்கினால் மடி போய்விடுமோ என்று பயம். மாதேசு மட்டும் கிட்டே போய், காற்றில் அவன் முழங்கால் இருக்க வேண்டிய இடத்துக்கு நேராகக் கையைக் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டார். வந்த ஒரம்பரைகள் சாப்பிடாமல் போகக்கூடாது என்பதால் பந்தி போட்டார்கள். காற்றில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஒரு இலை, அவளுக்குப் பின்னால் ஒரு இலை. அப்பளம் பத்தவில்லை என்று சமையல்காரர் கத்தினார், எங்கிருந்தோ வந்தது. துளசிமணி பந்தலைச் சுற்றிச் சுற்றி எல்லோரையும் சாப்பிடச் சொன்னாள், அழுதுகொண்டே சொன்னாள், யாரும் மறுக்கவில்லை.

நாச்சிமுத்து வந்தார். காலில் செருப்பில்லை, சட்டையில் பொத்தான் இல்லை. ஓடிவந்தவர் பந்தற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருவே சாப்பாட்டுக் கையோடு எழுந்தது, கிட்டான் கரண்டியோடு முன்னால் வந்தான்.

"நாந்தாம்மிணி போட்டேன்" என்றார் நாச்சிமுத்து. "அவன் சாவணும்னு போடுலே. என்ற எடத்துல உக்கார்றவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு பாக்கணும்போல இருந்துச்சு. அதுக்குத்தான் போட்டேன். சித்த நேரம் பாத்துட்டு அமத்திப்போடலாம்னு இருந்தேன்."

கிட்டான் கரண்டியை ஓங்கியபடி நின்றான்.

"அவன் எந்திரிக்கவே இல்லம்மிணி. டிவில ஒரு செவப்பு லைட்டுக்கு மத்தில சப்பணம் போட்டு உக்காந்துட்டான். எந்திரீடான்னு அந்த மஞ்ச ஜட்டிக்காரன் கத்தறான், இவன் கையிரண்டையும் இப்படி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறான்." நாச்சிமுத்து இரண்டு கைகளையும் வளைத்து, ஒன்றுமில்லாததை அணைத்துக் காட்டினார். "அடி விழுந்துது. தல போச்சு, மாரு போச்சு. அப்பக்கூட மடிய அசைக்கல. நான் பொட்டியவே தூக்கி ஒடச்சுப்போட்டு ஓடியாந்தேன். லேட்டாயிருச்சு."

கிட்டான் கரண்டியைத் தாழ்த்தினான். துளசிமணி அண்ணனைப் பார்க்கவில்லை. அவரை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவர் பந்தலுக்கு வெளியே வெயிலில் குத்தவைத்து உட்கார்ந்தார். பந்தி முடிந்தது, அடுத்த பந்தி முடிந்தது, ஒருவரும் அவருக்கு ஒரு இலை போடவில்லை. அவரும் எழுந்து போகவில்லை. வெயில் சாய்ந்து வேப்பமர நிழல் அவர் மேல் வந்து, அவரைத் தாண்டிப் போனது.

ஊர் கலைந்து, பந்தலில் வீட்டுக்காரர்கள் மட்டும் இருந்தபோது சுகப்பிரியா அம்மாவைக் கூப்பிட்டாள். தூங்கி எழுந்திருந்தாள், காற்றிலேயே. புதுத்தோட்டில் மஞ்சள் அப்பியிருந்தது.

"அம்மா, மடி நடுங்குது."

துளசிமணி மண்டியிட்டு உட்கார்ந்தாள். கையை நீட்டி, பிள்ளையின் பாவாடைக்கு அடியில், ஒன்றும் இல்லாத அந்த இடத்தைத் தொட்டாள். தொடையொன்று அவள் உள்ளங்கையில் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து, அந்த அடிக்கப்புறமும், விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறான். பிள்ளையை யாரிடமாவது கொடுத்தால் தவிர இவன் போகமாட்டான். கொடுப்பதென்றால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது, யார் கையிலும் கொடுத்துவிட முடியாது. அவனைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். இப்படியே, இந்த உயரத்தில், இந்த நடுக்கத்தோடாவது இருக்கட்டும் என்று இருந்தது. அவள் அந்தத் தொடையை இரண்டு மூன்று தடவை தடவிக் கொடுத்தாள். பிறகு எழுந்து பந்தலின் ஓரத்துக்குப் போனாள்.

"அண்ணா" என்றாள். "அவருக்குக் காலு மரத்துப் போச்சுங்க. வந்து புள்ளைய வாங்கிக்குங்க."

நாச்சிமுத்து எழுந்தபோது அவர் காலும் மரத்துத்தான் போயிருந்தது. தடுமாறி வந்தார். பாய்க்கு எதிரே, தரையில், துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெரிய மனிதர்களுக்கு முன்னால் உட்காருவது மாதிரி உட்கார்ந்து சப்பணமிட்டார். பிறகு பிள்ளைக்குப் பின்னால் முகம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக் கைகளை நீட்டினார்.

"குடுங்க தம்பி" என்றார். "இனிமே நான் வெச்சுக்கறேன்."

சுகப்பிரியாவின் இரண்டு கக்கத்திலும் சட்டை லேசாகச் சுருங்கியது, யாரோ பிடித்துத் தூக்குகிற மாதிரி. அவள் எழும்பி, காற்றைக் கடந்து, மாமன் மடியில் வந்து இறங்கினாள்.